பாட்டன் நாடாவும் பிரிந்த பிம்பமும்

கணக்கெழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் எந்த நாட்டினராயினும் ஒரு விஷயத்தில் ஒரே மனமுடையவர்கள். எழுதியதை அழிக்கலாகாது என்பதே அது. பேரேட்டில் தவறு நேர்ந்தால் அதன்மேல் ஒரு கோடு கிழித்து, அருகில் சரியான தொகையை எழுதிக் கையொப்பமிடுவார்களேயன்றி, பழையதைச் சுரண்டியெடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுத நேர்மையான கணக்கப்பிள்ளை எவரும் ஒருப்படார். கணக்கு காகிதத்தை விட்டுக் காந்தப் பூச்சுக்குக் குடிபெயர்ந்த 1950களில், இந்தப் புராதன நெறி சில ஆண்டுகள் யாருடைய பிரயத்தனமும் இன்றியே காக்கப்பட்டு வந்தது. பின்னர் ஒரு புதிய யந்திரத்தின் வேகத்தில் மயங்கிய உலகம் அதைக் கைவிட்டது. கைவிட்டதை வேறொரு வழியில் மீட்டுக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தரவுத்தளங்களுக்குப் பிம்பப் பிரதி எடுத்துவைக்கும் தொழிலின் சரித்திரம் என்று நான் எண்ணுவது அந்த மீட்சியின் கதையைத்தான்.

1951இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் ஒப்படைக்கப்பட்ட யூனிவாக் கணினி தன் விவரங்களை உலோக நாடாவில் பதித்தது. மறு ஆண்டே ஐ.பி.எம். நிறுவனம் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. நாடாவில் கணக்கு நடத்தும் முறை எளிமையானது. நேற்றைய கணக்கு முழுவதும் அடங்கிய மூல நாடா ஒரு சுழலியில் ஏற்றப்படும். இன்றைய வரவு செலவுகளை வரிசைப்படுத்திய நாடா இன்னொன்றில் ஏறும். இரண்டையும் ஒருசேரப் படித்துக்கொண்டே கணினி மூன்றாவது சுழலியில் இருக்கும் வெற்று நாடாவில் புதிய கணக்கை எழுதிச் செல்லும். விடியும்போது புதிய நாடா பிறந்திருக்கும். பழைய நாடாவோ ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்கும். புதியது பழுதானால் பழையதையும் வரவு செலவு நாடாவையும் மீண்டும் ஏற்றி ஓட்டினால் போதுமானது. பாட்டன், தந்தை, மகன் என்று மூன்று தலைமுறை நாடாக்களை அலமாரியில் வைத்திருந்து, நான்காவது பிறந்த பின்னரே பாட்டனை அழித்து மறுபடி பயன்படுத்துவது கணினி நிலையங்களில் சம்பிரதாயமாயிற்று. காப்புப் பிரதி எடுப்பது தனியொரு வேலையாக அன்று இருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கணக்கு நடத்தியதே பிரதி எடுத்ததாகவும் ஆயிற்று.

இந்த நிம்மதியைக் குலைத்தது வட்டு. ரேனல்ட் ஜான்சன் என்பாரின் தலைமையில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவாகி 1956இல் வெளிவந்த ராமாக் என்னும் ஐ.பி.எம். யந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் ஒரே அச்சில் ஓயாது சுழன்றுகொண்டிருந்தன. 50 லட்சம் எழுத்துகளை அவை கொண்டிருந்தன. எந்த வட்டின் எந்தத் தடத்துக்கும் ஓர் உலோகக் கை நேரே சென்று அங்குள்ளதைப் படிக்கவும் மாற்றவும் வல்லதாயிருந்தது. நாடா முழுவதையும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அத்துடன் ஒழிந்தது. விமானத்தில் இடம் கேட்டு வந்து நிற்பவருக்கு அந்த க்ஷணமே பதில் சொல்ல முடிந்ததென்றால் அதற்குக் காரணம் வட்டுதான். ஆயினும் வட்டில் புதிய தொகை எழுதப்படுவது பழைய தொகை இருந்த அதே இடத்தில். எழுதிய மாத்திரத்தில் பழையது இல்லாமற் போய்விடுகிறது. கணக்கப்பிள்ளை செய்யத் துணியாததை யந்திரம் ஓயாமல் செய்தது. மகன் பிறக்கும்போதே தந்தை மறைந்துவிடும் குடும்பம் போலாயிற்று வட்டிலுள்ள கணக்கு. தரவுத்தள ஆராய்ச்சியில் ஈடிணையற்றவராக விளங்கிய ஜிம் கிரே, இருந்த இடத்திலேயே மேலெழுதும் இந்த வழக்கம் கணக்கியலின் அடிப்படை நெறிக்கே விரோதமானது என்று 1981இல் எழுதிய கட்டுரையொன்றில் கவலையுடன் சுட்டிக்காட்டினார்.

முதலில் உலகம் அஞ்சியது கணக்கு அழிவதையன்று, யந்திரம் நின்றுபோவதை. 1958 முதல் வட அமெரிக்க வான்பாதுகாப்புக்கென நிறுவப்பட்ட சேஜ் அமைப்பில், நிலையத்துக்கு நிலையம் இரட்டைக் கணினிகள் அமைந்திருந்தன; ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று ஆயத்தமாகக் காத்திருக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்காக 1960களின் முற்பகுதியில் நியூயார்க் மாநிலத்துப் பிரையர்கிளிஃப் மேனரில் எழுந்த சேபர் முன்பதிவு நிலையமும் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளைக் கொண்டு இதே ஏற்பாட்டைப் பின்பற்றியது. இவற்றில் இரட்டித்திருந்தது கணக்கிடும் மூளையே. கணக்கு குடியிருக்கும் வட்டையும் இரட்டிப்பதை விலைக்கு வாங்கத்தக்க சாதாரணச் சரக்காக ஆக்கிய பெருமை, 1974இல் ஜேம்ஸ் டிரெய்பிக்கும் அவருடைய தோழர்களும் கலிபோர்னியாவின் குப்பர்ட்டினோவில் தொடங்கிய டேண்டம் நிறுவனத்தையே பெரிதும் சாரும். 1976இல் சிட்டிபேங்க் வாங்கிய அவர்களுடைய முதல் யந்திரத்தில், மின்சாரம் வரும் வழி முதற்கொண்டு வட்டைச் செலுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி வரையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இணை இருந்தது; எழுதப்படும் ஒவ்வொன்றும் இரு வட்டுகளில் ஏக காலத்தில் பதிந்தது; ஒரு வட்டு மாண்டால் மற்றது தொடர்ந்து பணிசெய்ய, மாண்டதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினால், உயிருள்ள வட்டிலிருந்து அது தானே நிரம்பிக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டுக்கு மிரர், அதாவது கண்ணாடி, என்று சிலரும், ஷேடோ, அதாவது நிழல், என்று வேறு சிலரும் பெயரிட்டனர். 1988இல் டைனா பிட்டனும் ஜிம் கிரேயும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை நிழல் என்ற சொல்லையே தலைப்பில் தாங்கி, இரண்டில் எந்த வட்டின் கை அருகில் இருக்கிறதோ அதைக்கொண்டு படித்தால் படிக்கும் வேகமும் கூடும் என்பதைக் கணித ரீதியாக நிறுவியது. அதே ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர், விலை மலிந்த சிறு வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிய வட்டுக்கு நிகராக்கும் ரெய்டு என்னும் கொள்கையை வெளியிட்டபோது, அதன் முதற்படியாக வைத்ததும் இந்தப் பிம்ப முறையைத்தான். பெயர் எதுவாயினும், கண்ணாடி என்னும் உவமையே உண்மைக்கு மிக அணுக்கமானது என்பது என் கருத்து. எதிரே நிற்பவர் நெற்றியில் மை பூசிக்கொண்டால் கண்ணாடிக்குள் இருப்பவரின் நெற்றியிலும் அந்தக் கணமே மை தோன்றும். சற்றுமுன் நெற்றி எப்படி இருந்தது என்று கண்ணாடியைக் கேட்டுப் பயனில்லை.

டேண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், 1985இல், ஜிம் கிரே அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அனுப்பிய பழுது அறிக்கைகளையெல்லாம் திரட்டி, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்தார். யந்திர உறுப்புகளின் பழுதால் நேர்ந்தவை 18 சதவீதம் மட்டுமே. இயக்குவோர், பராமரிப்போர், அமைப்பை மாற்றுவோர் ஆகிய மனிதர்களின் கைகளால் நேர்ந்தவையோ 42 சதவீதம். உறுப்புகளை இரட்டித்த யந்திரத்தில் உறுப்புப் பழுது அடங்கிவிட, மனிதப் பிழையே எஞ்சி மேலெழுந்து நின்றது. ஒரு பிழையான கட்டளையால் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் அழிக்கப்படுமானால், இரு வட்டுகளும் சிறிதும் வேற்றுமையின்றி அதை அழித்துக்கொள்ளும். வட்டுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் கிடைத்தானேயொழிய, காணாமற்போன பாட்டன் திரும்பி வரவில்லை.

ஆகையால் பிம்ப வட்டுகள் வைத்திருந்த நிலையங்களும் ஒவ்வோர் இரவும் நாடாவில் பிரதி எடுக்க வேண்டியவையாகவே இருந்தன. வேலை நேரம் முடிந்ததும் தரவுத்தளத்தை மூடுவார்கள். வட்டில் உள்ளதையெல்லாம் நாடாவுக்கு இறக்குவார்கள். கதவு திறக்கும் நேரத்துக்குள் மீண்டும் திறப்பார்கள். அவ்விரு நேரங்களுக்கும் இடைப்பட்ட பொழுதைப் பேக்கப் விண்டோ, அதாவது பிரதிச் சாளரம், என்பது இத்தொழிலில் வழக்கம். தரவுத்தளம் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போக, பணம் எடுக்கும் யந்திரங்களும் கண்டங்களுக்கு அப்பாலிருந்து வரும் வியாபாரமும் இரவையே இல்லாமற் செய்துவிட, அந்தச் சாளரம் ஒருபுறம் போதாமலும் மறுபுறம் குறுகியும் வந்தது.

மூடாமலே பிரதி எடுப்பதில் உள்ள சங்கடம் நுட்பமானது. திறந்திருக்கும் தரவுத்தளத்தின் கோப்பை நாடாவுக்கு நகலெடுக்கும்போது, கோப்பின் தலைப்பகுதி இரவு 10 மணி நிலையிலும் வால்பகுதி 2 மணி நிலையிலும் பதிவாகும். போதாக்குறைக்கு, ஒரே பக்கத்தின் முற்பாதியைப் படித்துப் பிற்பாதியைப் படிப்பதற்குள் தரவுத்தளம் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டால், ஒருபோதும் இருந்திராத ஒரு பக்கம் நாடாவில் ஏறிவிடும். இதற்கு விமோசனம் அளித்தது வணிகர்களின் பழைய உபாயமே. கடையில் நடந்ததை நடந்த வரிசையில் உடனுக்குடன் சிட்டையில் குறித்துவிட்டு, ஓய்ந்த நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவதில்லையா? அதுபோல, வட்டில் உள்ள பக்கத்தைத் தொடுமுன் மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதிவிடும் முறை ஐ.பி.எம். ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாக வளர்ந்து வந்தது. அதை முழுமையான ஒரு சாஸ்திரமாக வகுத்து, ஏரிஸ் என்ற பெயரில் 1992இல் தம் சகாக்கள் நால்வருடன் வெளியிட்ட சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் பயின்றவர், அங்கிருந்த ஐ.பி.எம். 370 கணினியின் மீது கொண்ட மோகத்தால் துறை மாறியவர். இன்று உலகெங்கும் உள்ள தரவுத்தளங்கள் வீழ்ந்து எழும் விதத்தில் அவருடைய சிந்தனையின் தடம் இருப்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. ஆரக்கிள் நிறுவனம் 1988இல் வெளியிட்ட தன் 6ஆம் பதிப்பில், பதிவேட்டை நம்பியே திறந்த நிலையில் பிரதி எடுக்கும் வசதியை அளித்தது. பிரதி எடுக்கப்போகிறோம் என்று தரவுத்தளத்துக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டால், அதன்பின் மாறும் பக்கத்தை முதன்முறை முழுமையாகவே பதிவேட்டில் எழுதிவைக்கும். நாடாவில் சிதைந்த பக்கம் ஏறியிருந்தாலும் பதிவேட்டைக் கொண்டு அதைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். ஆனால் நாடா ஓடும் நான்கைந்து மணி நேரமும் இந்நிலை நீடித்தால் பதிவேடு ஊதிப் பெருக்கும்; அதே வட்டுகளை நாடாவும் படிக்க, வாடிக்கையாளரும் படிக்க, யந்திரம் மூச்சுத் திணறும்.

இவ்விடத்தில்தான் பிம்பத்தைப் பிரிப்பது என்ற எண்ணம் உதித்தது. ரிச்சர்டு ஈகனும் ரோஜர் மரினோவும் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஈ.எம்.சி. நிறுவனம், மோஷே யனாய் என்னும் பொறியாளர் வடிவமைத்த சிமெட்ரிக்ஸ் வட்டுப்பேழையை 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறு வட்டுகளை வரிசையாக அடுக்கி, முன்னால் பெரிய நினைவகம் ஒன்றை வைத்து, ஐ.பி.எம். பெருங்கணினிக்கு வழக்கமான பெரிய வட்டு போலவே தோன்றச் செய்த பேழை அது. அதில் இரட்டைப் பிம்பம் முன்னமே இருந்தது. 1990களின் பிற்பகுதியில் டைம்ஃபைண்டர் என்ற பெயரில் மூன்றாவது பிம்பம் ஒன்றையும் சேர்த்தார்கள். பி.சி.வி. என்று அழைக்கப்பட்ட அந்த மூன்றாவது பிம்பம், மற்ற இரண்டையும் போல எப்போதும் ஒட்டியிருப்பதற்காக அன்றி, வேண்டும்போது பிரிக்கப்படுவதற்காகவே ஒட்டப்பட்டது.

இரவில் நடைபெறும் காரியத்தைச் சொன்னால் இதன் அழகு விளங்கும். பி.சி.வி. மூலத்தோடு முற்றிலும் ஒத்துப்போகும்வரை காத்திருப்பார்கள். ஒத்ததும், பிரதி எடுக்கப்போகிறோம் என்று தரவுத்தளத்துக்கு அறிவிப்பார்கள். சில நொடிகளுக்குள் பிம்பத்தை வெட்டிப் பிரிப்பார்கள். உடனே பிரதிநிலை முடிந்ததென்று தரவுத்தளத்துக்குச் சொல்லி, அதுவரையிலான பதிவேட்டையும் ஒதுக்கி எடுத்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் நீடித்த இடர் ஒரு நிமிஷமாகச் சுருங்கியது. வெட்டப்பட்ட பிம்பம் அந்தக் கணத்தோடு உறைந்து நிற்க, அதை வேறொரு சர்வரில் ஏற்றி, நாடாவுக்கு இறக்கும் வேலையை அங்கே நிதானமாக நடத்தலாம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் யந்திரம் அதை அறியாது. மறுநாள் மீண்டும் ஒட்டும்போது முழுவதையும் நகலெடுக்க வேண்டியதில்லை. பிரிந்த காலத்தில் எந்தெந்தத் தடங்கள் மாறின என்பதைப் பேழை குறித்து வைத்திருப்பதால் அவற்றை மட்டும் நகலெடுத்தால் போதும். பகலில் மூலக்கணக்கு கெட்டுப்போனாலோ, நாடாவைத் தேடி ஓடாமல், நேற்றிரவு உறைந்த பிம்பத்தையே திருப்பி ஒட்டி, பதிவேட்டை அதன்மேல் ஓட்டி, பிழை நேர்வதற்கு ஒரு கணம் முன்பு நிறுத்திக்கொள்ளலாம். அலமாரியில் நாடாவாக இருந்த பாட்டன், சுழலும் வட்டாகவே திரும்பி வந்துவிட்டான்.

இத்தொழிலில் அனுபவம் மிக்கவர்கள் மிகுந்த ஜாக்கிரதையுடன் சொல்லித்தரும் இரண்டு சங்கதிகள் உண்டு. தரவுகள் இருக்கும் வட்டுகளையும், நடப்புப் பதிவேடு இருக்கும் வட்டுகளையும் ஒரே தொகுதியில் வைத்துப் பிரித்தால், மீட்டு ஒட்டும்போது நேற்றைய பதிவேடு இன்றைய பதிவேட்டின் மேல் படிந்து, இன்று காலை முதல் நடந்த வியாபாரம் முழுவதையும் துடைத்துவிடும். மீட்க வந்த கையே அழித்ததாகிவிடும். ஆதலால் இரண்டையும் தனித்தனித் தொகுதிகளாக வைப்பது இன்றியமையாதது. இன்னொன்று, மீண்டும் ஒட்டத் தொடங்கிய அந்த நொடியிலிருந்து ஒட்டி முடியும் வரையில் பி.சி.வி. நேற்றையதாகவும் இல்லை, இன்றையதாகவும் இல்லை என்பது. அந்த இடைவேளையில் மூலம் கெட்டால், கெட்ட மூலமும் அரைகுறைப் பிம்பமும் தவிர வட்டில் வேறெதுவும் மிஞ்சாது. எனவே முன்யோசனையுள்ள நிலையங்களில் இரண்டு பி.சி.வி. தொகுதிகளை வைத்துக்கொண்டு, ஒருநாள் ஒன்றை, மறுநாள் மற்றொன்றை என்று மாறிமாறி ஒட்டினார்கள். இருமடங்கு வட்டு வேண்டியிருந்தது; வட்டின் விலை அன்று அற்பமானதன்று; இருந்தும் அந்தச் செலவை வீணென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிந்த பிம்பத்துக்கு நாடாவேலை ஒன்றே பயனாக இருக்கவில்லை. அதை அறிக்கைகள் தயாரிப்பதற்கும், புதிய மென்பொருளைச் சோதிப்பதற்கும் திறந்துவிடலாயினர். அப்படித் திறந்து எழுத அனுமதித்தால் அதன் வாழ்க்கை மூலத்தின் வாழ்க்கையிலிருந்து கிளைத்துப் பிரிந்துவிடும். மறுபடி ஒட்டும்போது அங்கே எழுதியவை யாவும் மறையும். திறக்காமல் வைத்து, மூலத்திலிருந்து வரும் பதிவேடுகளை மட்டும் அதன்மேல் தொடர்ந்து ஓட்டினால், அதுவே மூலத்துக்குப் பதிலாக நிற்கவல்ல ஸ்டேண்ட்பை தரவுத்தளமாகும். ஆரக்கிள் 2001இல் டேட்டா கார்டு என்ற பெயரில் இதற்கு ஒழுங்கான உருவம் கொடுத்தது. பதிவேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேண்ட்பையைப் படிக்கத் திறந்துவைக்கும் வசதி 2007இல் வந்த 11ஆம் பதிப்பில் சேர்ந்தது. வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி ஓடுமாறு ஸ்டேண்ட்பையை அமைக்கலாம் என்பது இதன் விதிகளுள் எனக்கு மிகவும் உகந்தது. பிழை அங்கே சென்று சேருமுன் ஒருவர் எழுந்து கைநீட்டித் தடுக்க அவகாசம் கிடைக்கிறதல்லவா?

தூரத்துப் பிம்பத்தின் கதை வேறு விதமானது. ஒரே கட்டடத்தில் எத்தனை பிரதிகள் இருந்தாலும் கட்டடம் எரிந்தால் அனைத்தும் எரியும். ஈ.எம்.சி. 1994இல் கொண்டுவந்த எஸ்.ஆர்.டி.எஃப். என்ற ஏற்பாடு ஒரு பேழையில் எழுதப்படுவதைத் தொலைவிலுள்ள இன்னொரு பேழையிலும் எழுதியது. அங்கே எழுதப்பட்டுவிட்டதென்ற செய்தி திரும்பி வரும்வரை இங்கே காத்திருப்பதானால் ஒரு துளியும் இழப்பில்லை. ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டரே செல்லுமாதலால், 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பிம்பத்துக்குப் போய்வர ஒவ்வோர் எழுத்தும் ஆயிரத்தில் ஒரு நொடி செலவிடுகிறது. மும்பைக்கும் சென்னைக்கும் இடையில் என்றால் அது பத்து மடங்காகும். எந்தச் சாமர்த்தியத்தாலும் இந்த விதியை மீற முடியாது. ஆகவேதான் அருகில் காத்திருந்து எழுதும் பிம்பம் ஒன்றும், வெகுதூரத்தில் சற்றுப் பின்தங்கி எழுதும் பிம்பம் ஒன்றும் வைப்பது பெரிய நிறுவனங்களில் வழக்கமாயிற்று.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில், 101 முதல் 105 வரையிலான மாடிகளில் இயங்கிவந்த கேண்டர் பிட்ஸ்ஜெரால்டு நிறுவனம் தன் ஊழியர்களுள் 658 பேரை இழந்தது. அவர்களுடைய ஈஸ்பீடு என்னும் கடன்பத்திர வர்த்தக அமைப்புக்கு நியூஜெர்சியின் ரோச்செல் பார்க்கில் ஓர் இணை நிலையம் இருந்தது. இரண்டு நாட்கள் கழித்துக் கடன்பத்திரச் சந்தை திறந்தபோது ஈஸ்பீடும் திறந்தது. கணக்கு பிழைத்திருந்தது, அதை நடத்திய மனிதர்களுள் பெரும்பாலோர் இல்லை. பிரதி எடுப்பதைப் பற்றி எழுதும்போது இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல என்னால் இயலாது.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தை, முதன்மை நிலையத்துக்கு அருகில் குர்லாவில் ஒரு பிம்ப நிலையத்தையும், சென்னையில் தூரத்துக் காப்பு நிலையத்தையும் வைத்திருந்தது. 2021 பிப்ரவரி 24 அன்று, முதலிரண்டு நிலையங்களையும் இணைத்த தொலைத்தொடர்பு வழிகள் தடுமாறின. வழி அறுந்தாலும் முதன்மை நிலையம் தனித்து இயங்கியிருக்க வேண்டும். அவ்வாறின்றி அங்குள்ள சேமிப்பு அமைப்பே சர்வர்களுக்கு எட்டாமற் போயிற்று. இடர் மேலாண்மைக் கணக்கு நின்றது, முற்பகல் 11.40 மணிக்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டு, பிற்பகல் 3.45க்கே மீண்டும் தொடங்கி, 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. சென்னை நிலையத்துக்கு அன்று மாறவில்லை. பிம்பத்தோடு பிணைத்த கயிறே மூலத்தையும் இழுத்துச் சாய்க்கக்கூடும் என்பதை வடிவமைப்போர் அன்றுமுதல் மறவாதிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கிடையில் முழுப் பிரதியே எடுக்காமல் பழையதைக் காக்கும் மார்க்கம் ஒன்றும் வழக்கத்துக்கு வந்திருந்தது. டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் ஆகியோர் 1992இல் தொடங்கிய நிறுவனத்தின் கோப்பு அமைப்பு, மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் எப்போதும் புதிய இடத்திலேயே எழுதியது. பழைய இடத்தை விடுவிக்காமல் பிடித்துவைத்தால் அதுவே ஸ்னாப்ஷாட். கோடு கிழித்து அருகில் எழுதும் கணக்கப்பிள்ளையின் நெறி வட்டுக்குள்ளேயே குடிகொண்டது. செலவு சொற்பம், வேகம் அதிகம். ஆனால் மூலமும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே வட்டுகளைப் பகிர்ந்திருப்பதால், அவை மாண்டால் இரண்டும் மாளும்.

2017 ஜனவரி 31 அன்று இரவு, கிட்லேப் என்னும் மென்பொருள் சேவையில், பின்தங்கிவிட்ட ஸ்டேண்ட்பையைச் சீர்செய்ய முனைந்திருந்த ஒரு பொறியாளர், அதன் கோப்புகளை அழிப்பதாக எண்ணி மூலத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிட்டார். நொடிப் பொழுதில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் எஞ்சியிருந்தது 4.5. ஸ்டேண்ட்பையோ முன்னமே காலியாக்கப்பட்டிருந்தது. முறைப்படி எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப்புகளைத் தேடிப் பார்த்தால், அவை சில காலமாகவே எடுக்கப்படாமல் இருந்தன. நேர்ந்ததையெல்லாம் அந்த நிறுவனம் ஒளிக்காமல் உலகுக்குத் தெரிவித்தது; இத்தொழிலில் உள்ளவர்கள் அதற்கு நன்றி பாராட்ட வேண்டும்.

அன்றிரவு அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரதி. விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், சோதனைச் சர்வரில் ஏற்றுவதற்காக, அவர்களுள் ஒருவர் தம் கையாலேயே எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட் அது. அதன் நகல் சோதனைச் சர்வரில், மூலத்தோடு எவ்விதத் தொடர்பும் இன்றித் தனியே கிடந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோதனைச் சர்வரின் வட்டுகள் வேகம் குறைந்தவையாதலால், நகலெடுத்து முடிக்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆயிற்று.